கொடுக்காத பை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. பெரிய ஓட்டல் ஒன்றின் நிலத்தடித் தளத்தில் இருக்கிறது சலவைப் பிரிவு. மேலே அறைகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வருகிற இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க மற்றவர்களுக்கு ஜோடி வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. இவளுக்கு வேண்டாம். நடுவை மோவாயில் அழுத்திக்கொண்டு இரண்டு கையையும் ஒரு வீச்சு வீசினாள் என்றால் விரிப்பு தானாக வந்து அடங்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "என்ன வேடிக்கை? கை ஓடட்டும்," என்பாள். வாய் கொஞ்சம் அதிகம்தான். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அடுத்த அறையில் பாய்லர். அதை ஓட்டியவர்தான் அவள் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் வெறும் பாய்லர்காரர். நீராவி குறைந்தால் இஸ்திரி உருளை சூடாகாது. அப்போது இவள் சுவரோரம் போகிற குழாயை ஒரு கரண்டியால் தட்டுவாள், அந்தப் பக்கம் அவர் வால்வைத் திருகுவார். ஒருநாள் அவர் கதவோரம் வந்து நின்று, "நீராவி சரியாத்தானே இருக்கு, ஏங்க தட்டறீங்க?" என்று கேட்டார். "நீராவி இருக்குன்னு தெரியும். ஆளு இருக்கான்னு பாத்தேன்," என்றாள். அந்த மனுஷனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிற வேலையை அவள் வீட்டார் யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

சாது என்றால் அப்படியொரு சாது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் மிதிபட்ட இவர் மன்னிப்புக் கேட்பார். கடைக்காரன் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாலும் திருப்பிக் கொடுக்க வாய் வராது. "உங்களை வச்சுக்கிட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது," என்று சொல்லிவிட்டு அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டு மாற்றி வருவாள். அந்த வீட்டில் கத்துகிற வேலை முழுவதும் அவளுடையது. ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். அப்பாவின் முகம், அம்மாவின் வாய்.

இப்படி ஒரு குடும்பத்தில் போய் எவனாவது கை வைப்பானா? வைத்தார்கள். பாய்லர் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, இந்த முறை பிறந்த இடத்துக்கான சான்றும் வேண்டும் என்றார்கள். அவரிடம் அது இல்லை. அவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். பஞ்சம் வந்த ஒரு வருடம், நடக்கக்கூடத் தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய அம்மா இந்தப் பக்கம் வந்தாள். அப்போது வேலியும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அவள் எங்கேயும் பதிவு செய்துகொள்ளாமலே வாழ்ந்து, செத்தும் போனாள். மகன் இங்கேதான் எழுத்துப் படித்தார், இங்கேதான் தொழில் படித்தார், இங்கேதான் வரி கட்டினார். அந்த நாட்டில் அவரைப் பார்த்து வாலாட்ட ஒரு நாய்கூடக் கிடையாது. அதைச் சொன்னால் அலுவலகத்தில் இருந்தவன், "அது எங்க பிரச்சனை இல்லைங்க," என்றான்.

ஒரு காலையில் இரண்டு பேர் பாய்லர் அறைக்கே வந்தார்கள். "ஒரு கையெழுத்துதான், போட்டுட்டு வந்துடலாம்," என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் அழுத்தத்தைக் குறைத்து, அடுத்த ஆளிடம் ஒப்படைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கையெழுத்துப் போடப் போனவர் திரும்பி வரவில்லை.

தடுப்பு முகாம் ஊரைத் தாண்டி, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். பார்வை நாளென்று வாரத்துக்கு ஒன்று. நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். எட்டு மாதத்தில் அவள் ஒரு பார்வை நாளைக்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள், ஓட்டலில் விடுப்புக் கிடைக்காமல் பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "ஒரு வாரம் வராட்டி என்ன? உடம்பைப் பாத்துக்க," என்பார் அவர். "வரலைன்னா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குங்க," என்பாள். அவள் விளையாட்டாகச் சொல்வது இதெல்லாம். கடைசியாகப் போன தடவை சரியாகச் சாப்பிடாமல் போய், எழுந்து நிற்கும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பதறி எழுந்துவிட்டார். நேரம் முடிந்து ரிசீவர் அணைந்திருந்தது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அதற்கு இரண்டு நாளில் உத்தரவு வந்தது. சனிக்கிழமை விமானம்.

உத்தரவின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு சொல். டிப்போர்ட்டேஷன். கீழே நம் மொழியில் நாடுகடத்தல் என்று போட்டிருந்தது. தங்கம் கடத்துகிறவனைப் பிடித்து உள்ளே போடுகிற அதே அரசாங்கம் ஆளைக் கடத்துகிற வேலையை மட்டும் தானே முன்னின்று செய்கிறது, கேட்டால் சட்டம் என்கிறது. இந்த இடத்துக்கு வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். விடுங்கள், கதைக்கு வருவோம்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வக்கீலம்மாவிடம் ஓடினாள். காசு வாங்காமல் இந்த மாதிரி வழக்குகளை நடத்துகிற பெண். மேசை நிறைய கட்டுகள், ஆறிப்போன டீ, எந்நேரமும் அடிக்கிற போன். மடிப்பக்கா காகிதத்தை மேசையில் வைத்து, அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்தாள்.

"எட்டு மாசமா இந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாரும் சொல்றாங்க. இதுக்கு என்னதாங்க அர்த்தம்?"

வக்கீலம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். சும்மா கேட்கிற கேள்வி இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"பழைய லத்தீன் பாஷையிலேர்ந்து வந்த சொல்லும்மா. முன்னாடி இருக்கிற 'டே'ன்னா அப்பால. 'போர்ட்டாரே'ன்னா சுமக்கறது. சுமந்துட்டுப் போய் அப்பால விடறதுன்னு வச்சுக்குங்க. ஸ்டேஷன்ல போர்ட்டர்னு சொல்றோமே, அதுவும் இந்த வேர்தான்."

"மூட்டை தூக்குறவரா?"

"அவரேதான். ரோமாபுரியில சக்கரவர்த்திங்க காலத்துல இது பெரிய தண்டனை. ஆளைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு தீவுல விட்டுடுவாங்க. சொத்து போயிடும், அந்த நாட்டுக் குடிமகன்கிற உரிமையும் போயிடும். ஆயுசுக்கும் அங்கதான். ஆனா அங்கயே இன்னொரு தண்டனையும் இருந்துச்சு. 'நீ ஊரை விட்டுப் போ'ன்னு சொல்லுவாங்க, அவனே கிளம்பிப் போகணும். அதுக்குப் பேர் வேற. அவனுக்குக் குடியுரிமை போகாது, பல பேர் திரும்பியும் வந்திருக்காங்க."

"அது அந்தக் காலம். இவருக்கு?"

"அதைச் சொல்லத்தாம்மா இவ்வளவும் சொன்னேன். இங்கயும் கிட்டத்தட்ட அதே கதைதான். உங்க வீட்டுக்காரர் தன் காலால நடந்து போய் அமைதியா ஏறிட்டாருன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு, மனைவி இங்க இருக்காங்க, மகள் இங்க இருக்காங்கன்னு நான் மனு போடலாம். நிறைய பேருக்குக் கிடைச்சிருக்கு. தகராறு பண்ணி, ஆளுங்க தூக்கி ஏத்துற மாதிரி ஆச்சுன்னா, அதைக் கோப்புல எழுதிடுவாங்க. அப்புறம் என்னைக்கும் கிடையாது."

மடிப்பக்கா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரா தகராறு பண்ணுவாரு? அவரு சத்தமாத் தும்முனதைக்கூட நான் கேட்டதில்லைங்க."

"அஞ்சு வருஷம்னு மட்டும் நேத்தே அவர்கிட்டச் சொல்லிட்டேன். மத்ததைச் சொல்லல. சொல்லணுமா?"

"வேண்டாங்க. அவருக்கு அது தேவையே இல்ல. பயந்துடுவாரு."

இதை அவள்தான் சொன்னாள். அவள் வாயால் சொன்னாள்.

அப்புறம் வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னாள். மேல் நீதிமன்றத்தில் போட்டிருந்த மனு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. அன்றைக்கு அவர் இந்த மண்ணில் இருந்தால் தடை கேட்கலாம். நீதிபதி கொஞ்சம் இளகின மனசுக்காரர். சனிக்கிழமையே விமானம் ஏறிவிட்டால் மனு தானாகச் செத்துவிடும். தேதியைத் தள்ளச் சொல்லி எழுதியாகிவிட்டது, பதில் இல்லை.

சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

இங்கேதான் வானொலி வருகிறாள். முகாமின் பார்வையாளர் அறையில் வாராவாரம் கூடுகிற பெண்களில் ஒருத்தி, ஒரு தையல்காரரின் மனைவி. எந்தச் செய்தியும் முதலில் அவள் வாயில்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். அவள் புருஷனுக்கு மூன்று மாதத்துக்கு முன்பே தேதி குறித்தாகிவிட்டது. ஆனால் மனுஷன் இன்னும் முகாமில்தான் இருக்கிறார், குண்டுக்கல்லாக. ஏன் என்பதற்கு வானொலியிடம் ஒரு காரணம் இருந்தது, அது பை.

முகாமின் நடைமுறை இது. தேதி முடிவானதும் வீட்டாருக்குப் பார்வை கிடையாது, போனும் கிடையாது. வீட்டிலிருந்து ஒரே ஒரு பை மட்டும் உள்ளே போகலாம், விமானத்துக்கு முந்தைய வியாழக்கிழமைக்குள் கேட்டில் கொடுக்க வேண்டும். அங்கே அதை எடை போட்டு, சீட்டுக் கட்டி, சாமான் அறைக்கு அனுப்புவார்கள். பை வந்தால்தான் உள்ளே இருக்கிறவருக்கு வீட்டுக்குச் செய்தி எட்டிவிட்டது என்று தெரியும். தையல்காரருக்குத் தேதி குறித்த வாரம் வானொலி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, பை கொடுக்க முடியவில்லை. அந்த வாரம் அவரை ஏற்றவில்லை. அதிலிருந்து அந்த அறையில் அது ஒரு சாத்திரமாகவே ஆகிவிட்டது. பையைக் கொடுக்காத வரைக்கும் ஆளை ஏற்ற மாட்டார்கள். ஒருத்தி வேண்டுமென்றே ஜிப் பிய்ந்த பையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி அம்மிக்குழவி மாதிரி கனக்கிற சாமானைத் திணித்து, எடை தாண்டித் திருப்பி அனுப்புவார்கள் என்று காத்திருந்தாள். முங்கிப்போகிறவர்கள் என்ன கையில் கிடைத்தாலும் பிடிப்பார்கள், சிரிக்காதீர்கள்.

"சீட்டுக் கட்டின பை விமானத்துல ஏறினாத்தான் ஆளை ஏத்துவாங்க, அதுதான் அவங்க கணக்கு," என்றாள் வானொலி போனில். "என் பேச்சைக் கேளு. ரெண்டு நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. எங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா?"

இருக்கிறார். அதற்கு மேல் மடிப்பக்காவுக்கு என்ன சாட்சி வேண்டும்?

புதன்கிழமை அவள் பையைக் கட்டினாள். கொடுக்கப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டே கட்டினாள், கை சும்மா இருக்க மாட்டேனென்றது. திங்கட்கிழமை நீதிபதியும் கைவிரித்துவிட்டால் அப்போது ஓடிப்போய்க் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான்கு சட்டை, மூன்று பேண்ட், அந்தப் பக்கம் குளிர் என்று கேள்விப்பட்டு ஒரு கம்பளிச் சட்டை, ரத்த அழுத்த மாத்திரை, முகச்சவரச் சாமான், மகள் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்கள். எல்லாம் ஒரு சுருக்கமில்லாமல் மடிந்து பைக்குள் உட்கார்ந்தன. பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். பை இருந்த இடத்தில் இருந்தது.

"அம்மா, இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இங்க இருக்கு?"

அவள் சொன்னாள். மகளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா சொன்னா? அந்த வானொலியா? ஒரு பைக்காக விமானத்தை நிறுத்துவாங்களா? வக்கீலம்மாவைக் கேட்டியா?"

"வக்கீலம்மா புருஷனா உள்ள இருக்காரு? உள்ள இருக்கிறது யாரு புருஷனோ அவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்பா மாத்திரை கூட இல்லாமப் போவாரும்மா."

"போக மாட்டாருன்னுதான் சொல்றேன். போனாத்தானே மாத்திரை?"

மகள் பையைத் தூக்கப் போனாள். அம்மா போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து ஒருமுறை கூட அவளைக் கை நீட்டி அடித்ததில்லை, அன்றைக்கு அடித்துவிட்டாள். அடித்த கையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரே ஒரு நாள் வேணும் பாப்பா," என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு? நீயே சொல்லு." மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். மதியம் போன் வந்தது. முகாமின் கேட்காரர். எட்டு மாதமாக முகம் பார்த்த பழக்கம், தங்கமான மனுஷன்.

"ஏம்மா, இன்னும் பை வரலையே. சாமான் அறையிலேர்ந்து கேட்டாங்க."

பை வேண்டாமென்றால் எதற்காகக் கேட்கிறார்கள்? வானொலி சொன்னது அப்படியே நடக்கிறது.

"இன்னும் தயாராகலைங்க," என்றாள்.

"நாள் தாண்டினாலும் பரவால்ல, நான் சொல்லி வாங்கி வைக்கிறேன். ரெண்டு சட்டையாவது கொடுத்தனுப்பும்மா."

இப்படிக் கெஞ்சுகிறான் பார், என்று நினைத்துக்கொண்டாள். பாவி, ஒரு நல்லவன் இரக்கப்பட்டுக் கேட்பதுகூட அவளுக்குப் பேரமாகத் தெரிந்தது. "தயாராகலைன்னு சொல்லிடுங்க," என்று போனை வைத்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று அடுத்த விரிப்பை எடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற்றவில்லை என்று யாராவது கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடவில்லை. நேரம் ஆக ஆக, யாரும் கூப்பிடாததே பதிலோ என்று தோன்றியது. திடீரென்று எழுந்தாள், பையைத் தூக்கினாள், செருப்பைக்கூட மாட்டவில்லை. மகள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

முகாமின் பெரிய கேட் திறந்து கிடந்தது. வண்டி போன தடம் ஈர மண்ணில் தெரிந்தது. கேட்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் கையில் இருந்த பையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பிறகு திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டாங்களா?" என்றாள் மகள்.

"போயாச்சும்மா."

"அப்பா எப்படிப் போனாரு?"

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா நடந்து வந்தாரு. வண்டிப் படியில ஒரு காலை வச்சுட்டாரு. அப்பத்தான் சாமான் அறைக்காரன் பேரைப் படிச்சு, 'பை இல்லை'ன்னான். இவரு காலை எடுத்துட்டாரு. 'ஏன் வரலை'ன்னாரு. 'தயாராகலைன்னு வீட்ல சொல்லிட்டாங்க'ன்னான். அவ்வளவுதான். 'என் பொண்டாட்டிக்கா பை கட்டத் தயாராகலை? அவ கையில அது பத்து நிமிஷ வேலை சார். அவ சொல்லியிருக்க மாட்டா. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, வேற யாரோ பேசியிருக்காங்க. போன வாரமே அவளால நிக்க முடியலை. ஒரு போன் போட்டுக் கொடுங்க, அவ குரலை மட்டும் கேட்டுட்டு ஏறிடறேன்'னு கெஞ்சினாரு. நேரமாச்சுன்னு தள்ளுனாங்க. கத்த ஆரம்பிச்சுட்டாரும்மா. அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல. கதவுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விடலை. நான் போய், 'நான்தான் அவங்களோட பேசினேன், நல்லாத்தான் இருக்காங்க'ன்னு சொல்றேன், அவர் காதுல விழலை. நாலு பேரு கையும் காலுமாத் தூக்கித்தான் உள்ள போட்டாங்க."

மடிப்பக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பை இன்னும் கையில்தான் இருந்தது. "இதை..." என்றாள்.

"இனிமே அனுப்ப முடியாதும்மா," என்றார் கேட்காரர்.

திங்கட்கிழமை நீதிபதி மனுவை எடுத்தார். ஆள் நாட்டில் இல்லை என்றார்கள், மூடி வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே நடைபாதையில் வக்கீலம்மா இவள் தோளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தாள்.

"கோப்பைப் பாத்தேன். தூக்கி ஏத்தினதை எழுதிட்டாங்கம்மா. நான் எதிர்த்து எழுதிப் பாக்கறேன். ஆனா உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன், இதுவரைக்கும் யாருக்கும் அதை மாத்தினதில்ல."

"தையல்காரரை மட்டும் ஏன் ஏத்தலை?" அவளுக்கு அது ஒன்றுதான் கேட்க இருந்தது.

"அவரை அந்த நாடு தன் ஆளுன்னு ஒத்துக்கல. தூதரகத்துலேர்ந்து பயணப் பத்திரம் வரல, அதான் உக்காந்திருக்காரு. பத்திரம் வந்த அன்னைக்கு அவரும் போயிடுவாரு. ஏம்மா?"

அவள் சொன்னாள். பையைக் கொடுக்காமல் இருந்ததைச் சொன்னாள், கேட்காரர் கேட்டதற்குச் சொன்ன பதிலைச் சொன்னாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றாள் வக்கீலம்மா. திட்டுகிற மாதிரி இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பிடச் சொன்னால் எழுந்து சாப்பிட்டாள், குளிக்கச் சொன்னால் குளித்தாள். "என் கையாலேயே தூக்கிப் போட்டுட்டேன் பாப்பா," என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள். மகள் அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று தோன்றியதாக மடிப்பக்கா பிற்பாடு சலவைப் பெண்களிடம் சொன்னாள். புருஷன் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரியாமல் சாகவும் முடியவில்லை.

வியாழக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம், யாரோ எதையோ கூவி விற்கிற சத்தம்.

"நான்தான்," என்றார்.

"ஏங்க," என்றாள்.

"இருக்கியா?" தொண்டை கட்டியிருந்தது, பாதி காற்றாகத்தான் வந்தது. "இருக்கியாம்மா? வீட்டு நம்பர் ஞாபகத்துக்கு வரவே இல்ல. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். யார் யாரோ எடுத்தாங்க. உனக்கு என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"மறைக்காத. பை வரலையே."

மகள் எதிரில் நின்று தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. ஆனால் அவளுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று முன்பே சொன்னேன்.

"நான் நல்லாத்தாங்க இருந்தேன். பை கட்டித்தான் இருந்துச்சு, கதவுக்குப் பின்னாடி. கொடுத்தா உங்களை ஏத்திடுவாங்கன்னு நான்தான் கொடுக்கலை. திங்கக்கிழமை வரைக்கும் உங்களை எப்படியாவது..."

அந்தப் பக்கம் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நீ வீட்டுலதான் இருந்தியா?"

"ஆமாங்க."

"அப்ப நான் எதுக்கு அவ்வளவு கத்தினேன்?"

கோபமில்லாமல்தான் கேட்டார், தெரிந்துகொள்வதற்காக. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சரி, அழாத," என்றார். "நீ நல்லா இருந்தாச் சரி. இங்க ஒரு கடை வாசல்ல படுத்துக்கச் சொல்லியிருக்காங்க. குளிருதான் கொஞ்சம். போன் கொடுத்தவர் நிக்கிறாரு, நான் வைக்கணும். அஞ்சு வருஷம்தானே? பாப்பா படிப்பு முடிஞ்சு, வேலைக்குப் போறதுக்குள்ள ஓடிடும். வக்கீலம்மாகிட்டச் சொல்லி இப்பவே மனுவை எழுதி வைக்கச் சொல்லு, நாள் வந்ததும் உடனே போட்டுடலாம். சொல்லுவியா?"

"சொல்றேங்க," என்றாள்.